சிசி பாத்து வாங்கினேன், போற ரூட்ட பாக்கல

பதிமூணு மாசம் வச்சிருந்தேன். 2024 ஜூன்ல கிட்டத்தட்ட 400 சிசி இன்ஜின் உள்ள பைக் ஒண்ணு எடுத்தேன், 2025 ஜூலைல வித்துட்டேன். இடைப்பட்ட நாள்ல போன காசு ஒன்றரை லட்சத்துக்கு மேல, ஒரு தடவ கீழ விழுந்தேன், இடது கைக்கு மூணு வாரம் வைத்தியம் பாத்தேன். எந்த வண்டின்னு பேர் சொல்ல விரும்பல, ஏன்னா தப்பு வண்டி மேல இல்ல, அதே வண்டில லடாக் வரைக்கும் போய்ட்டு வந்தவங்க இருக்காங்க. தினமும் ஆபீஸ் போக அத எடுத்தது என் தப்பு. எடுக்குறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் உக்கார வச்சு இதெல்லாம் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு பல நாள் நெனச்சிருக்கேன், அதான் எழுதுறேன்.

எனக்கு வீடு சென்னைல குரோம்பேட்டை, ஆபீஸ் நாவலூர். ஜிஎஸ்டி ரோடு புடிச்சு பல்லாவரம், அங்கேருந்து ரேடியல் ரோடுல கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், சதுப்பு நிலம் தாண்டி துரைப்பாக்கம், அப்புறம் ஓஎம்ஆர்னு சொல்ற பழைய மகாபலிபுரம் ரோடு. ஒரு பக்கம் 24 கிலோமீட்டர் வரும். ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை ஆரம்பிச்சதுல இருந்து தகரம் அடிச்சு ரோட்ட சுருக்கிட்டாங்க, காலைல ஒன்னேகால் மணி நேரம், மழை நாள்ல ரெண்டு. ஒம்போது வருஷம் ஒரு 125 சிசி வண்டி வச்சு இதே ரூட்ல ஓட்டினேன், ஒரு நாள் கூட என்ன நடுரோட்டுல நிறுத்தல. ஆனா காலேஜ் படிக்கும்போதுல இருந்து பெரிய வண்டி ஆசை, சம்பளம் கொஞ்சம் ஏறுச்சு, லோனும் உடனே கெடச்சுது. நம்ம ஊர்ல 100 சிசிக்கும் 400 சிசிக்கும் ஒரே லைசன்ஸ்தான், கியர் வண்டின்னு போட்டிருந்தா போதும், எத வேணா ஓட்டலாம். அதனால நாம தயாரா இல்லையான்னு சோதிச்சு சொல்ல ஒரு ஆளும் கெடையாது, அத நாமளே கேட்டுக்கணும்.

டெஸ்ட் ரைடு போனது ஒரு ஞாயித்துக்கெழம காலைல பத்தரை மணிக்கு. ரோடு காலி. மூணு கிலோமீட்டர் போய்ட்டு திரும்பி வந்தேன், மூணாவது கியர்ல லேசா முறுக்கினதுக்கே நெஞ்சுல யாரோ கைய வச்சு பின்னாடி தள்ற மாதிரி ஒரு இழுவை. அந்த இழுவைலயே முடிவு பண்ணிட்டேன், உண்மைய சொல்லணும்னா வண்டிய விட்டு எறங்கும்போதே கையெழுத்து போட்டாச்சு. அந்த மூணு கிலோமீட்டர்ல ஒரு சிக்னல் கூட வரல. ஒரு யூ டர்ன் கூட அகலமான எடத்துல தான் போட்டேன். நான் தினமும் ரெண்டரை மணி நேரம் ஓட்டப்போற ரோட்டுக்கும் அந்த மூணு கிலோமீட்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு அப்போ தோணவே இல்ல. பெரிய வண்டிய ஸ்பீடுல பாத்து வாங்காதீங்க, நடந்து போற வேகத்துல அது எப்படி இருக்குன்னு பாத்து வாங்குங்க. டெஸ்ட் ரைடு வேலை நாள்ல, நீங்க ஆபீஸ் கெளம்புற நேரத்துல கேளுங்க, மாட்டேன்னு சொன்னா வேற ஷோரூம் பாருங்க.

முத திங்கக்கெழமயே தெரிஞ்சுபோச்சு. கீழ்க்கட்டளை தாண்டி ட்ராபிக் ஊர ஆரம்பிச்சதும் ரெண்டாவது கியர்ல போட்டேன், வண்டி கட கடன்னு உதறுது. முதல் கியருக்கு எறக்கினா சட்டுனு பாயுது. ரெண்டுக்கும் நடுவுல கிளட்ச பாதி புடிச்சுகிட்டே போகணும், வேற வழி இல்ல. இதுக்கு காரணம் என்னன்னு அப்புறம் தான் தெரிஞ்சுகிட்டேன். விளம்பரத்துல 40 குதிரை சக்தின்னு போட்டிருப்பாங்க, அது 8,000 ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 8,000 சுத்து சுத்தும்போது வர்றது. ட்ராபிக்ல நம்ம இன்ஜின் சுத்தறது 2,000, 2,500. ஒரே ஒரு பெரிய பிஸ்டன், ஸ்பீடுக்காக செட் பண்ண கியர், 3,000-க்கு கீழ அது ஓட விரும்பாது. அதே சமயம் 20 குதிரை சக்தி மட்டுமே உள்ள 350 வண்டிங்க இருக்கு, அதுல 27 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுக்கற பலம், 4,000 ஆர்பிஎம்லயே வந்துடும், ரெண்டாவது கியர்ல போட்டு கிளட்ச விட்டுட்டு 15 கிலோமீட்டர் வேகத்துல ஊந்துகிட்டே போகலாம். நான் ஸ்பெக் பாக்கும்போது எவ்ளோ பவர்னு மட்டும் பாத்தேன், அது எந்த ஆர்பிஎம்ல வருதுன்னு பாக்கல. தினசரி ஓட்டத்துக்கு முக்கியமே அந்த ரெண்டாவது நம்பர் தான்.

சூடு அடுத்த விஷயம். லிக்விட் கூல்டுன்னா, அதாவது ரேடியேட்டர்ல திரவம் ஓடி இன்ஜின ஆத்துறதுன்னா, கூலா இருக்கும்னு நெனச்சேன். இன்ஜினுக்கு கூல் தான், காலுக்கு இல்ல. வண்டி ஓடும்போது பிரச்சனை இல்ல, சோழிங்கநல்லூர் சிக்னல்ல நின்ன உடனே ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கும், அந்த சூடு காத்து மொத்தமும் முழங்கால்லயும் தொடைலயும் தான் வந்து அடிக்கும். மே மாசம் ஆபீஸ் போய் எறங்கினா பேன்ட்டுக்குள்ள தோல் சிவந்து இருக்கும். லிக்விட் கூல்டு எல்லாமே இப்படின்னு சொல்லல, சிலதுல காத்த கீழ திருப்பி விட்டிருப்பாங்க. ஆனா இத மழைக்காலத்துல டெஸ்ட் பண்ணா தெரியவே தெரியாது. மதியம் ஒரு மணி வெயில்ல வண்டிய ஸ்டார்ட்லயே வச்சு ஃபேன் ஓடுற வரைக்கும் உக்காந்து பாருங்க, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ஒரு ரேம்ப் இருக்கு, ரோட்டுலேருந்து கீழ எறங்கும். காலைல வண்டிய பின்பக்கமா தள்ளி அந்த ரேம்ப்ல ஏத்தி தான் வெளிய கொண்டு வரணும், உள்ள திருப்ப எடம் கெடையாது. பழைய வண்டி 115 கிலோ, ஒரு கைல ஹேண்டில், ஒரு கைல பின்னாடி கம்பி, இழுத்துடுவேன். புது வண்டி 180 கிலோவுக்கு மேல. எனக்கு உயரம் அஞ்சு அடி அஞ்சு அங்குலம், சீட்ல உக்காந்தா ரெண்டு காலுக்கும் முன்பாதம் தான் தரைல படும். முன்பாதத்த மட்டும் வச்சு 180 கிலோவ மேட்டுல பின்னாடி தள்ள முடியாது. எறங்கி நின்னு இழுத்தா சட்டை நனஞ்சுடும். ஒரு மாசம் வாட்ச்மேன் அண்ணன் தான் தினமும் முன்னாடி நின்னு தள்ளி விட்டாரு, அவர் லீவு போட்ட நாள்ல வண்டிய எடுக்காம ஆட்டோ புடிச்சு பஸ் ஏறி போயிருக்கேன். மனசு எவ்ளோ கஷ்டப்பட்டுதுன்னு சொல்ல முடியாது, மூணு லட்ச ரூபா வண்டி கீழ நிக்குது, நான் பஸ் ஸ்டாப்ல நிக்கிறேன். அதனால ஷோரூம் போறதுக்கு முன்னாடி உங்க வீட்டு பார்க்கிங்க பாருங்க. கேட்டு படி, சாக்கடை மூடி, ரேம்ப், வண்டிய திருப்புற எடம். சீட் உயரம் மட்டும் பாத்தா பத்தாது, சீட் அகலமா இருந்தா 790 மில்லிமீட்டர்லயே கால் எட்டாது, ஒடுக்கமா இருந்தா 800-லயும் நல்லா ஊனும். ஷூ போட்டு, ரெண்டு காலயும் ஊனி, பின்பக்கமா பத்தடி தள்ளிப் பாக்கணும். எடையும் அப்படித்தான், ஹண்டர் 350 181 கிலோ, கிளாசிக் 350 195 கிலோ, பேப்பர்ல 14 கிலோ வித்தியாசம், ஆனா எடை கீழ இருக்கா மேல டேங்க்ல இருக்காங்கறது தள்ளும்போது தான் கைக்கு தெரியும்.

கீழ விழுந்தது நவம்பர்ல. மழை விட்டு ரோட்டோரம் மணல் சேர்ந்திருந்துச்சு, கோவிலம்பாக்கம் பக்கத்துல யூ டர்ன் எடுக்குறேன், எதிர்ல ஒரு ஷேர் ஆட்டோ வந்துட்டான், ஹேண்டில் முழுசா திரும்பின நெலமைல முன் பிரேக்க புடிச்சேன். அவ்ளோ தான். வண்டி அப்படியே வலது பக்கம் சாஞ்சுது, கால ஊனினேன், 180 கிலோ ஒரு அளவுக்கு மேல சாஞ்சுட்டா கால் தாங்காது, கணுக்கால் மடங்கி வண்டியோட சேந்து போனேன். பிரேக் புடிச்சா சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ் இருக்கேன்னு கேக்கலாம், அந்த ஊர்ற வேகத்துல ஏபிஎஸ் வேலை செய்யாது. சின்ன வண்டில இதே தப்ப நூறு தடவ பண்ணியிருப்பேன், கால ஊனி சமாளிச்சுருப்பேன், அதனால தப்புன்னே தெரியாம இருந்திருக்கேன். யூ டர்ன்ல, ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பக்கம் விரல் போகவே கூடாது, பின் பிரேக்க லேசா மிதிச்சுகிட்டு பாதி கிளட்ச்ல திரும்பணும். காலியான கிரவுண்ட்ல ரெண்டு ஞாயித்துக்கெழம எட்டு போட்டு பழகியிருந்தா அந்த 8,700 ரூபா ரிப்பேர் செலவு மிச்சம், லிவர், இண்டிகேட்டர், ஹேண்டில் முனை, டேங்க் கீறல் எல்லாம் சேத்து. விழுந்த வண்டிய தூக்கற விதமும் தெரிஞ்சு வச்சுக்கங்க. மொத இன்ஜின நிறுத்துற கில் சுவிட்ச அமுக்கணும், வலது பக்கம் விழுந்திருந்தா தூக்குறதுக்கு முன்னாடியே சைடு ஸ்டாண்ட எடுத்து விடணும், கியர்ல போட்டுடணும், அப்புறம் வண்டிக்கு முதுக காட்டி, இடுப்ப சீட் ஓரத்துல குடுத்து, ஒரு கை ஹேண்டில்லயும் ஒரு கை பின்னாடி கம்பிலயும் புடிச்சு, கால் பலத்துல பின்னாடி நடந்து நிமுத்தணும். நான் குனிஞ்சு கையால தூக்கப் பாத்து முதுக வேற புடிச்சுகிட்டேன். விழுந்தத வீட்டுல அன்னைக்கு சொல்லல, மழைல வழுக்கிட்டேன்னு சொல்லி எண்ணெய் தேச்சுகிட்டேன். பயம் மட்டும் போகல, ஒரு மாசத்துக்கு அந்த யூ டர்ன தவிர்த்து ரெண்டு கிலோமீட்டர் சுத்திப் போனேன்.

கை வலி மெதுவா தான் வந்துச்சு. ஜனவரி வாக்குல காலைல எந்திரிச்சா இடது கை கட்டைவிரல் அடில ஒரு இறுக்கம், டம்ளர புடிச்சா வலிக்கும். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே என்ன வண்டி ஓட்டுறீங்கன்னு தான். மூணு வாரம் ஓட்டாதீங்கன்னாரு, பிசியோவுக்கு ஆறாயிரம் ஆச்சு. கிளட்ச் கனம் டெஸ்ட் ரைடுல ஒண்ணுமே தெரியாது, ஒன்னேகால் மணி நேரத்துல எத்தனை தடவ அமுக்குறோம்ங்கறது தான் கணக்கு. ஷோரூம்ல நின்ன எடத்துலயே கிளட்ச அம்பது தடவ விடாம அமுக்கிப் பாருங்க, சிரிச்சா சிரிக்கட்டும். அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர் கிளட்ச்னு போட்டிருக்கறது அமுக்க கொஞ்சம் லேசா இருக்கும்.

இதெல்லாம் நான் பட்டது. அம்மா விஷயம் தான் ரொம்ப வலிச்சுது. அம்மாவுக்கு வயசு 63, செவ்வாக்கெழமைல கோயிலுக்கும், மாசத்துக்கு ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கும் நான் தான் கூட்டிட்டு போவேன். புது வண்டிக்கு பின் சீட் சின்னது, முன் சீட்ட விட ஒரு சாண் மேல. முதல் நாள் பூஜை போட்டுட்டு ஏறச் சொன்னேன், ஒரு கால ஃபுட்ரெஸ்ட்ல வச்சு என் தோள புடிச்சு ரெண்டு தடவ எம்பிப் பாத்தாங்க, முடியல. "பரவால்லப்பா, நீ ஓட்டு, நான் ஷேர் ஆட்டோல வந்துக்கறேன்"னு சொல்லிட்டு உள்ள போய்ட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு நாளும் கூட்டிட்டு போன்னு கேக்கல. சேலை மாட்டாம இருக்க சேலை கார்டும் பின்னாடி புடிச்சுக்க கம்பியும் ஒழுங்கா இருக்கான்னு நான் பாக்கவே இல்ல. உங்க பின்னாடி யார் உக்காருவாங்களோ அவங்கள ஷோரூமுக்கு கூட்டிட்டு போங்க, வெறும் போட்டோ எடுக்க இல்ல, ஏறி எறங்க.

காசு கணக்கு சொல்றேன். ஆன் ரோடு 2,88,000. தமிழ்நாட்டுல ஒரு லட்சத்துக்கு மேல விலை உள்ள புது பைக்குக்கு ரோடு டாக்ஸ் 12 சதவீதம், 2023 நவம்பருக்கு முன்னாடி 8 இருந்தது. புது வண்டிக்கு அஞ்சு வருஷ தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மொத்தமா எடுக்கணும், நான் எடுத்த 2024-ல 75-ல இருந்து 150 சிசி வரைக்கும் அது 3,851, 150-ல இருந்து 350 வரைக்கும் 7,365, 350 தாண்டினா 15,117, இதுக்கு மேல வரி வேற. 350-ங்கற அந்த கோட்ட தாண்டினதும் ரெட்டிப்பாகுது பாருங்க, இது எனக்கு பில் கைக்கு வந்தப்புறம் தான் தெரியும். பெட்ரோல், மாசம் 1,050 கிலோமீட்டர் ஓட்டுறேன், பழைய வண்டி 52 குடுத்துது, இது ட்ராபிக்ல 26. அப்போ லிட்டர் 101 ரூபான்னு வச்சா 2,000 ஆன எடத்துல 4,000. பின் டயர் ரேடியல், 11,500 கிலோமீட்டர்ல தேஞ்சுது, 6,400 ரூபா. செயின் தொறந்து இருக்கும், நம்ம ரோட்டு தூசிக்கு 500, 600 கிலோமீட்டருக்கு ஒரு தடவ தொடச்சு செயின் எண்ணெய் அடிக்கணும், எனக்கு அது பன்னெண்டு வேலை நாளைக்கு ஒரு தடவ. மூடின செயின் கவர் போட்ட 125-ல ஒம்போது வருஷத்துல நான் செயின தொட்டதே கெடையாது. ஈஎம்ஐ 6,250 கட்ட முடியுமான்னு மட்டும் தான் பாத்தேன், அதோட இன்னொரு மூவாயிரம் மாசா மாசம் போகும்னு கணக்கு போடல.

விக்கிறதுலயும் ஒரு பாடம். வாங்குற ஆள் ரெடியா இருந்தாரு, ஆனா லோன் முடியாம ஆர்சில பேங்க் பேர் இருக்கும்போது பேர் மாத்த முடியாது. முன்கூட்டி லோன் அடைக்க 5,900 ரூபா சார்ஜ், அப்புறம் கடன் முடிஞ்சுதுன்னு பேங்க்ல என்ஓசி, ஃபார்ம் 35 வாங்கி, ஆர்டிஓல அந்த பேர எடுக்கணும், மூணு வாரம் ஓடிச்சு, முதல்ல பேசின ஆள் போய்ட்டாரு. கடைசில 2,02,000-க்கு போச்சு. விலைல 86,000, வட்டி 20,900, வண்டில மாட்டின தடுப்புக் கம்பி, பாக்ஸ் 11,000, மத்ததெல்லாம் சேத்தா தான் நான் மேல சொன்ன ஒன்றரை லட்சம். விக்கற எண்ணம் வந்தா மொத லோன அடைச்சு ஆர்சிய சுத்தம் பண்ணிட்டு அப்புறம் விளம்பரம் போடுங்க. வண்டி போன அன்னைக்கு சாயங்காலம் காலியான பார்க்கிங்ல கொஞ்ச நேரம் நின்னேன், அழுக வந்துச்சு, ஆனா தோள்லேருந்து ஏதோ எறங்கின மாதிரியும் இருந்துச்சு.

ரெண்டாவது தடவ அவசரப்படல. ரெண்டு மாசம் மச்சானோட ஸ்கூட்டர்ல ஓட்டினேன். நம்மளே ஓட்டிக்கற மாதிரி வாடகைக்கு பைக் குடுக்குறாங்க இல்ல, கருப்பு போர்டுல மஞ்ச எழுத்து போட்டிருக்கும், அதுல ரெண்டு மாடல எடுத்து ஒவ்வொண்ணயும் ஒரு முழு வேலை நாள் ஆபீஸுக்கே ஓட்டிட்டு போய்ட்டு வந்தேன். மொத்தம் 2,600 ரூபா ஆச்சு. இந்த ஒரு வேலைய 2024-ல பண்ணியிருந்தா இத எழுத வேண்டியதே இல்ல. ரேம்ப்ல ஏத்தினேன், அம்மாவ ஏத்தி எறக்கினேன், கோவிலம்பாக்கம் யூ டர்ன் போட்டேன், சோழிங்கநல்லூர் சிக்னல்ல வெயில்ல நின்னேன். ஒரு மாடல் அழகா இருந்துச்சு, ஆனா ஸ்போக் வீல், டியூப் டயர், ராத்திரி பத்து மணிக்கு சதுப்பு நிலம் பக்கத்துல பஞ்சர் ஆனா வீல கழட்டணும்ங்கறத நெனச்சு விட்டுட்டேன். அலாய் வீல், டியூப்லெஸ் உள்ள ஒரு 350 எடுத்தேன். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி வரி 28 சதவீதத்துலேருந்து 18 ஆச்சு, அதுக்கு மேல உள்ளதுக்கு 40 ஆச்சு. ரெண்டு லட்ச ரூபா வண்டில கிட்டத்தட்ட 15,600 கொறையும், அதுக்காகவே ஆகஸ்ட்ல கைய கட்டிகிட்டு காத்திருந்தேன். இப்போ 33 மைலேஜ் வருது. பைபாஸ்ல 90-க்கு மேல அவசரப்படாது, பழைய இழுவைய சில நேரம் மனசு தேடும், அது உண்மை. செவ்வாக்கெழம அம்மா என் தோள புடிச்சு ஒரே மிதில ஏறிடறாங்க.

இன்னும் ஒண்ணு மட்டும். பெரிய வண்டி எடுக்கும்போது பழச உடனே எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடாதீங்க, ஆறு மாசமாவது வச்சிருங்க, மழைக்கும் கை வலிக்கும் பஞ்சருக்கும் அது தான் தொணை. எனக்கு அதுக்கு 30,000 குடுத்தாங்க, அன்னைக்கு பெரிய தொகையா தெரிஞ்சுது. அத வாங்கினவர் ராதா நகர்ல தான் இருக்காரு போல, டீக்கடை வாசல்ல அடிக்கடி பாக்கறேன், பின்னாடி பால் கேன் கட்ட கம்பி வச்சிருக்காரு. டேங்க்ல என் பையன் ஒட்டின ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சு இன்னும் அப்படியே இருக்கு.